ஜோடிக் குட்டி கேட்காதீர்கள்

கோவில்பட்டி, சாத்தூர் பக்கம் கரிசல் காட்டில் கன்னி நாயோ சிப்பிப்பாறை நாயோ ஓடுவதைப் பார்த்தவர்கள், அதற்குக் கால் தரையில் படுகிறதா என்று கேட்பதுண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகும்போது ஒரு சுற்றுக்கு ஒருமுறைதான் நான்கு கால்களும் ஒன்றாகத் தரையை விட்டு எழும். இந்த ஒல்லி நாய்களுக்கு இரண்டு முறை. உடம்பு முழுசாக நீண்டு விரியும்போது ஒருமுறை. முதுகு வில்லாக வளைந்து, பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி முன்னே வரும்போது இன்னொரு முறை. சிவிங்கிப்புலியின் ஓட்டமும் இதே கணக்குதான். இங்கிலாந்தின் கிரேஹவுண்டு, விப்பெட், கர்நாடகத்தின் முதோல், நம் கன்னி, சிப்பிப்பாறை எல்லாம் ஒரே தொழில்காரர்கள். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பித் துரத்துகிறவை.

அந்தக் கண்ணிலும் ஒரு சங்கதி இருக்கிறது. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல இன நாய்களின் விழித்திரையை ஒப்பிட்டு 2004-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூக்கு நீண்ட நாய்களில், பார்த்ததை மூளைக்கு அனுப்பும் நரம்புச் செல்கள் விழித்திரையின் குறுக்கே ஒரு பட்டையாக அடர்ந்திருந்தன. மூக்கு சப்பையாகச் சப்பையாக அவை நடுவில் ஒரே இடத்தில் குவிந்திருந்தன. தூரத்தில் தரையோடு தரையாக ஓடும் முயலைக் கவனிக்க வாகானது அந்தப் பட்டை. மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காக மனிதன் சப்பை மூக்கைத் தேர்ந்தெடுத்தபோது, நாயின் விழித்திரையும் சேர்ந்தே மாறிப்போனது. அவன் அதைக் கேட்கவே இல்லை.

நாயினப் பெருக்கத்தில் எனக்கு ஓயாத வியப்பு இதுதான். நாம் ஒன்றைக் கேட்கிறோம். உடம்பு அதோடு கேட்காத ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. விப்பெட் கதையைப் பாருங்கள்.

வட இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் 19-ஆம் நூற்றாண்டில் வீட்டுக்குள் வைத்து வளர்த்த நாய் அது. ஏழைகளின் பந்தயக் குதிரை என்றே அதற்குப் பெயர். ஓட்டப் பந்தயம் சுமார் 200 கஜம். முடிவுக் கோட்டில் சொந்தக்காரர் ஒரு கந்தல் துணியை வீசிக் கூப்பிடுவார், நாய் உயிரைக் கொடுத்து ஓடிவரும். ராத்திரி பிள்ளைகளோடு அதே படுக்கையில் தூங்கும். அந்த விப்பெட்டுகளில் எப்போதாவது ஒரு விசித்திரக் குட்டி பிறந்தது. ஒல்லி இடுப்புக்குப் பதில் மல்யுத்தக்காரரின் கழுத்தும் தொடையும். தோலுக்குள் அடங்காமல் தசை புடைத்து நிற்கும். ‘புல்லி விப்பெட்’ என்றார்கள். பிறந்தவுடன் இவற்றைக் கொன்றுவிட்டவர்களும் உண்டு.

2007-ல் அமெரிக்க தேசிய மனித மரபணுத்தொகை ஆய்வு நிறுவனத்தில் எலைன் ஆஸ்ட்ராண்டர் குழுவினர் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். தசை வளர்ந்தது போதும் என்று உடம்புக்குச் சொல்லும் புரதம் ஒன்று உண்டு, மயோஸ்டேட்டின். அதை உண்டாக்கும் மரபணுவில் இரண்டே இரண்டு எழுத்துகள் விடுபட்டிருந்தன. அதனால் 375 கண்ணிகள் கொண்ட புரதச் சங்கிலி கடைசி 63 கண்ணிகள் இல்லாமல் பாதியில் அறுந்துவிடுகிறது. தாய் ஒன்று, தகப்பன் ஒன்று என்று எல்லா மரபணுவிலும் நமக்கு இரண்டு பிரதிகள். இரண்டும் பழுதானால் புல்லி. ஒன்று மட்டும் பழுதானால்? சற்றே கூடுதல் தசை, அவ்வளவுதான். ஆனால் பந்தயத்தில் முதல் தரத்தில் ஓடிய விப்பெட்டுகளில் இப்படி ஒற்றைப் பிரதி உள்ளவை மிக அதிகமாக இருந்தன.

எவருக்கும் தெரியாமல் இந்த மரபணு எப்படிப் பரவியது என்பது இப்போது விளங்கும். ஜெயித்த நாயையும் ஜெயித்த நாயையும் சேர்த்தார்கள். இரண்டிடமும் ஒற்றைப் பழுது இருந்தால், குட்டிகளில் சராசரியாக நாலில் ஒன்று புல்லி, நாலில் இரண்டு வேகக்காரர்கள், மிச்சம் ஒன்று சாதாரணம். வேகத்தைத் தேடிய அதே கை புல்லியையும் பெற்றெடுத்தது. இன்று ஒரு சாதாரண மரபணுச் சோதனையில் இது தெரிந்துவிடும்; ஒற்றைப் பழுதுள்ள நாயைப் பழுதில்லாத நாயோடு சேர்த்தால் புல்லி பிறக்க வழியே இல்லை. நாயைக் கழிக்க வேண்டியதில்லை, துணையை மாற்றினால் போதும். கொல்லப்பட்ட குட்டிகளை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். குட்டி வாங்க வருகிறவர்கள் பலர் கேட்பது, ‘ஒரே ஈத்துல ஆணும் பெண்ணுமா ஜோடியா குடுங்க.’ ஒன்றாக வளரட்டும், பிறகு குட்டி போட்டால் நமக்கும் ஆச்சு என்ற கணக்கு. அண்ணனும் தங்கையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மரபியலார் ஓர் எண்ணில் சொல்வார்கள். அக்கா மகளைக் கட்டிக்கொண்டவரின் பிள்ளைக்கு அந்த எண் 12.5 சதவீதம், அத்தை மகள், மாமன் மகள் என்றால் 6.25. ஒரே வயிற்றுக் குட்டிகளைச் சேர்த்தால் 25 சதவீதம். அதாவது, நான்கில் ஒரு மரபணுவிடத்தில் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த அச்சு அசலான நகல். மூதாதையிடம் ஒளிந்திருந்த பழுது எதுவானாலும் அங்கே இரட்டையாகி வெளியே வரும். அடுத்த தலைமுறையிலும் அதே கூட்டுக்குள் சேர்த்தால் எண் இன்னும் ஏறும். ஈத்தில் குட்டிகள் குறைவது, பிறந்த குட்டி தேறாமல் போவது எல்லாம் அதன் பின்னால் வருபவை.

கரிசல் கிராமங்களில் பல குடும்பங்கள் கன்னியைக் காசுக்கு விற்பதில்லை. நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பிய வீட்டுக்குக் குட்டியாகக் கொடுப்பார்கள். கம்மங்கூழும் மோரும் குடித்து வளர்ந்த நாய், ஊர்விட்டு ஊர் போய்ச் சேர்ந்த நாய். கொடுத்த வீடு தெரியும், தகப்பன் எந்த ஊர் என்பதும் தெரியும். இதை நான் பழம்பெருமையாகச் சொல்லவில்லை. அந்த வழக்கத்தில் ஒரு வம்சாவளிப் பதிவு இருந்தது, எழுதப்படாமல். சந்தைக்கு வந்த பிறகு அது அறுந்துபோனது.

ராஜபாளையம் நாயில் கேட்காமல் வந்த சங்கதி செவிட்டுத்தன்மை. தூய வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் அசல் என்று வாங்குகிறவர்கள் நம்பியதால், புள்ளி விழுந்த குட்டிகள் ஒதுக்கப்பட்டன. தோலுக்கு நிறம் தரும் அதே செல்களுக்கு உட்காதிலும் ஒரு வேலை உண்டு. அங்குள்ள திரவத்தில் பொட்டாசியம் அளவை நிலைநிறுத்துவதில் அவற்றுக்குப் பங்கு இருக்கிறது. அந்தச் செல்கள் போய்ச் சேராத காதில், பிறந்து சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் மடிந்துவிடும். டால்மேஷனிலும் இதே சிக்கல். இரண்டு காதும் போன குட்டியை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். மற்றவை துள்ளி எழும் சத்தத்துக்கு அது மட்டும் தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு காது மட்டும் போனதைக் கைதட்டிக் கண்டுபிடிக்க முடியாது. மூளைக்குச் செல்லும் மின்துடிப்பை அளக்கும் சோதனை வேண்டும். அப்படிப்பட்ட நாயை வளர்க்கலாம், குட்டி எடுக்கக் கூடாது.

வீட்டில் ஒரு ஈத்து எடுப்பது என்று முடிவானால், முதல் இரண்டு வாரம் தூக்கம் போய்விடும் என்பதை ஒப்புக்கொண்டு இறங்க வேண்டும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். பிறந்த குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் கொடுத்தால் குடல் அதைச் செரிக்காது; முதலில் சூடு, பிறகுதான் பால். கழுத்தில் ஆளுக்கொரு நிறத்தில் நூல் கட்டி, சமையலறைத் தராசில் துணி விரித்து, தினமும் ஒரே நேரத்தில் எடை போடுவது நல்ல பழக்கம். சிவப்பு நூல்காரன் நேற்றைய எடையிலேயே நிற்கிறான் என்றால் அவன் முலைக்காம்பைப் பிடிக்கத் தடுமாறுகிறான் என்று அர்த்தம். அழுது காட்டுவதற்கு முன்பே எண் காட்டிவிடும். கண் திறக்கப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும், காது அதற்கும் கொஞ்சம் பின்னால்.

மூன்றாம் வாரத்திலிருந்து சுமார் பன்னிரண்டாம் வாரம் வரை குட்டியின் மூளை, எது பயப்பட வேண்டியது எது வேண்டாதது என்று பட்டியல் போட்டுக்கொள்ளும். 1965-ல் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதிய நூல் இதை விரிவாக நிறுவியது. குக்கர் விசில், மிக்சி, குழந்தைகளின் கூச்சல், வாசலில் ஆட்டோ எல்லாம் இந்த நாட்களில் பழகிவிட்டால் பிறகு தொல்லையில்லை. வேட்டைநாயைக் கொட்டகையில் கட்டிப்போட்டு வளர்த்துவிட்டு, அது கூச்ச சுபாவம் என்று சொல்வது எனக்கு ஒப்பாத பேச்சு. தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருக்க வேண்டிய காலத்தையும் குறைக்கக் கூடாது. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு நாயினப் பெருக்க விதிகள் எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கத் தடை விதிக்கின்றன. குட்டி எடுக்கப் பெட்டை நாய்க்குப் பதினெட்டு மாதம் ஆகியிருக்க வேண்டும். எட்டு வயதுக்கு மேல் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது.

அரசு இந்த இனங்களைக் கண்டுகொள்ளவில்லை என்று முழுசாகச் சொல்ல முடியாது. கால்நடைத் துறை 1980-களின் தொடக்கத்திலேயே சென்னை சைதாப்பேட்டையில் நாயினப் பெருக்கப் பிரிவைத் தொடங்கியது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் 2020-ல் முதன்முறையாக நாயினங்களைப் பதிவு செய்தபோது, முதோலோடு ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இடம்பெற்றன. கன்னி அந்த முதல் பட்டியலில் இல்லை.

வளர்ப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஓட்டத்துக்காகச் செதுக்கப்பட்ட உடம்பின் ரத்தமும் வேறு. கிரேஹவுண்டு ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டி 60-ஐத் தொடும். மற்ற நாய்க்கு அந்த எண் வந்தால் நீர்வற்றிப் போயிருக்கிறது என்பார்கள். தயோபென்டால் மயக்க மருந்து கொடுத்தால் மற்ற நாய்களைவிட வெகுநேரம் கழித்துத்தான் எழும். உடம்பில் கொழுப்பு குறைவு என்பது ஒரு காரணம், அந்த மருந்தைக் கல்லீரல் மெதுவாகக் கரைப்பது இன்னொரு காரணம். கன்னியையோ சிப்பிப்பாறையையோ கருத்தடைக்குக் கொண்டுபோகும்போது, இது கிரேஹவுண்டு சாதி உடம்பு என்பதை மேசையில் ஏற்றும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்; முடிந்ததும் ஒரு போர்வை போர்த்துங்கள், மயக்கத்தில் இவற்றுக்குச் சீக்கிரம் குளிரெடுக்கும்.