உதவி எண் உண்டு. சட்டப் பிரிவு இல்லை

தலைநகர் தில்லியில் வசிக்கும் வடகிழக்கு மாநிலத்தவர் ஒருவர் இனத்தின் பெயரால் இழிவுபடுத்தப்பட்டால், புகார் அளிக்க 1093 என்ற தனி எண் ஏற்படுத்தப்பட்டுள்ளது. நானக்புராவில் அவர்களுக்கெனத் தனிக் காவல் பிரிவு அமைக்கப்பட்டது. தில்லி சட்ட உதவி ஆணையம் இலவச வழக்கறிஞர் குழுவையும் நியமித்தது. எனினும் அந்தப் புகாரை எந்தப் பிரிவின் கீழ் பதிவு செய்வது என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் தெளிவான விடை இல்லை.

முனிர்க்கா, ஹுமாயூன்பூர் போன்ற பகுதிகளில் ஆயிரக்கணக்கான மணிப்பூர், நாகாலாந்து, மிசோரம் இளைஞர்கள் தங்கியுள்ளனர். கல்விக்காகவும் வேலைக்காகவும் வந்தவர்கள். "சிங்க்கி', "மோமோ', "சீனாக்காரர்' என்ற வசைகள் அவர்களுக்குப் பழகிப்போனவை. ஒரு காலத்தில் தில்லியில் குடியேறிய தமிழர் அனைவரையும் "மதராசி' என்று ஒரே சொல்லில் அடக்கியதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, இதன் வலி ஓரளவேனும் புரியும்.

பிரச்னையை அரசு இயந்திரம் முதலில் அணுகிய விதம் விநோதமானது. தில்லி காவல்துறையின் மேற்கு மாவட்டப் பிரிவு 2007-ல் வடகிழக்கு மாணவர்களுக்கென ஒரு கையேடு வெளியிட்டது. பெண்கள் உடலை வெளிக்காட்டும் உடைகளைத் தவிர்க்க வேண்டும். மூங்கில் குருத்தையும் நொதித்த சோயா பீன்ஸையும் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு இல்லாமல் சமைக்க வேண்டும் என்பவை அதிலிருந்த அறிவுரைகள். கேலிக்கும் தாக்குதலுக்கும் ஆளானவர்களிடமே, உங்கள் சமையலை மாற்றிக்கொள்ளுங்கள் என்றது காவல்துறை. அதே ஆண்டில்தான் வடகிழக்கு மக்களே முன்வந்து தில்லியில் ஓர் உதவி மையத்தைத் தொடங்கினர்.

2012 ஆகஸ்டில், தாக்கப்படுவோம் என்ற வதந்தி குறுஞ்செய்திகளாகப் பரவியதில், பெங்களூரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் குவாஹாட்டிக்கு ரயிலேறினர். சென்னையிலிருந்தும் பலர் சொந்த ஊருக்குப் புறப்பட்டனர். மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப மத்திய அரசு தற்காலிகத் தடை விதிக்க வேண்டியதாயிற்று.

நாட்டை உலுக்கியது 2014 ஜனவரி 29-ல் லாஜ்பத் நகரில் நடந்த சம்பவம். அருணாசலப் பிரதேச எம்.எல்.ஏ. ஒருவரின் மகனான மாணவர் நிடோ தானியாவின் தலைமுடியைக் கடையொன்றில் இருந்தவர்கள் கேலி செய்ததில் தகராறு மூண்டு, அவர் தாக்கப்பட்டார். காவல்துறை இரு தரப்பையும் சமரசம் பேசி அனுப்பிவைத்தது. மறுநாள் அவர் உயிரிழந்தார். ஜந்தர் மந்தரில் போராட்டம் வெடித்தது.

அடுத்த சில நாள்களில் எம்.பி. பெஸ்பரூவா தலைமையில் உள்துறை அமைச்சகம் அமைத்த குழு, ஜூலையில் அறிக்கை அளித்தது. தனிச் சட்டம் இயற்ற வேண்டும் அல்லது இந்திய தண்டனைச் சட்டத்தைத் திருத்த வேண்டும். இக்குற்றங்களில் காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கவும், எளிதில் ஜாமீன் கிடைக்காமல் இருக்கவும் வழி செய்ய வேண்டும் என்பவை அதன் முக்கியப் பரிந்துரைகள். உதவி எண்ணும் தனிக் காவல் பிரிவும் அந்த ஆண்டின் விளைவுகளே. வடகிழக்கிலிருந்து தில்லி காவல்துறைக்கு ஆள் எடுக்கப்பட்டது. வடகிழக்கின் வரலாறு, பண்பாடு குறித்த நூலை என்.சி.இ.ஆர்.டி. 2017-ல் வெளியிட்டது. பரிந்துரைகளின் அமலாக்கத்தைக் கண்காணிக்கக் குழு அமைக்குமாறு கர்மா டோர்ஜி வழக்கில் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

சட்டத் திருத்தம் மட்டும் நகரவில்லை. 153-சி, 509-ஏ என இரு புதிய பிரிவுகள் முன்மொழியப்பட்டன. குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருப்பதால் மாநிலங்களின் கருத்து கேட்கப்பட்டுள்ளது என்பதே நாடாளுமன்றத்தில் கிடைத்த பதில். பழைய தண்டனைச் சட்டம் முழுவதையும் மாற்றி எழுதும் வாய்ப்பு 2023-ல் வந்தது. அப்போதும் அந்தப் பிரிவுகள் சேர்க்கப்படவில்லை. இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கைக்கு இந்தியா ஒப்புதல் அளித்தது 1968-ல் என்பதை இங்கு குறிப்பிடாமல் இருக்க இயலாது.

2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையில் இனம் பற்றிய குறிப்பு இல்லாமல் இல்லை. இனம், பிறந்த இடம், மொழி போன்ற காரணங்களுக்காக ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து கொலை செய்தால் 103(2) பிரிவின்படி மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. கொடுங்காயம் விளைவித்தால் 117(4)-ன்படி ஏழு ஆண்டு வரை சிறை. தாக்கியவர்கள் நால்வர் என்றால் இப்பிரிவுகள் பொருந்தா. கும்பல் கூடி அடித்த பிறகே இனம் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிகிறது. 196-ஆவது பிரிவோ, சமூகங்களிடையே பகை மூட்டுவது பற்றியது. தெருவில் தனியாகச் செல்லும் ஒரு பெண்ணை ஒருவர் ஏசுவதை அதற்குள் அடக்குவது கடினம்.

எனவே, பெரும்பாலும் எஞ்சுபவை சாதாரண அடிதடி, வேண்டுமென்றே அவமதித்தல் ஆகிய பிரிவுகள். இவற்றில் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல் காவல்துறை புலனாய்வைத் தொடங்க முடியாது. முகத்தோற்றத்துக்காக நடந்த தாக்குதல், ஏட்டில் வெறும் வாய்த்தகராறு ஆகிவிடுகிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பயன்படுத்துமாறு 2012-லேயே உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அது பட்டியல் பழங்குடியினருக்கு உதவலாம். மணிப்பூரின் மைதேயி மக்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லை. டார்ஜிலிங்கின் நேபாளி மொழி பேசுவோரில் பெரும்பகுதியினரும் இல்லை. வசை பாடுபவர் பட்டியல் பார்த்துப் பாடுவதில்லை.

2020 மார்ச்சில் கரோனா பரவியபோது, தில்லியில் மணிப்பூர் பெண் ஒருவர் மீது எச்சில் துப்பி "கரோனா' என்று ஏசிய நபர் கைது செய்யப்பட்டார். வடகிழக்கு மக்கள் துன்புறுத்தப்படுவதைத் தடுக்குமாறு உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு அப்போது மீண்டும் கடிதம் எழுதியது.

வாடகை வீட்டு விவகாரத்தில் கடிதமும் இல்லை. கடை, உணவகம், பொதுக் கிணறு ஆகியவற்றில் இனத்தைக் காரணம் காட்டி எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு. தனியார் வாடகை வீடு அந்த வரிசையில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. வடகிழக்கு இளைஞரின் முகத்தைப் பார்த்ததும் "வீடு காலியில்லை' என்று கதவைச் சாத்தும் உரிமையாளர் மீது 1093-ல் புகார் செய்தாலும், காவல்துறையால் ஒரு முறை அழைத்துப் பேச முடியும். அவ்வளவுதான்.