காடு போனால் தரை இறங்கும்

சைபீரியாவின் யாகூத்தியாவில் அடிமண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கிறது. கோடையில் மேல்மண் மட்டும் ஓரிரு மீட்டர் இளகும்; லார்ச் என்னும் ஊசியிலை மரங்கள் வேர் பிடிப்பது அதில்தான். மர நிழலும் தரைப்பாசியும் வெயிலைத் தடுக்கின்றன. காட்டை வெட்டினால் மண் சூடேறி, இளகும் ஆழம் கூடுகிறது. வேடிக்கை என்னவென்றால், வெட்டிய முதல் சில ஆண்டுகளில் மண்ணின் ஈரமும் கூடிவிடுகிறது! நீரை உறிஞ்சி ஆவியாக்க மரமில்லை. அடியிலுள்ள உறைமண் நீரை வடியவும் விடுவதில்லை. புதைந்திருக்கும் பனிக்கட்டி உருகினாலோ தரையே அமிழ்ந்துவிடும். பட்டகாய் ஊரருகே, 1960களில் காடழித்த இடத்தில் தொடங்கிய சரிவு இன்று சுமார் 1 கிலோமீட்டர் நீளப் பள்ளம். அது இன்னும் விரிந்துகொண்டே போகிறது.