தீயின் காரணத்தைத் தேடும் பொறியாளர்கள்

கீரப்பாளையம் சுற்றுவட்டாரத்தில் மின்சார ஸ்கூட்டர் வாங்கும் குடும்பங்கள் கூடிவருகின்றன. இரவில் எங்கே சார்ஜ் போடுகிறீர்கள் என்று கேட்டால், "வாசல் நடையில்தான், வேறெங்கே இடம்?" என்று பலரும் சொல்கிறார்கள். அந்தப் பதில்தான் இதை எழுத வைத்தது.

2022 மார்ச் மாதம் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்தது. புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் பள்ளியில் படிக்கும் மகளும் இறந்துபோனார்கள். அதே நாட்களில் புனேயிலும் ஒரு ஸ்கூட்டர் எரிந்தது. மத்திய அரசு நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. ஹைதராபாத் ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு மையத்தின் டாட்டா நரசிங்க ராவ் அதன் தலைவர். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் தேவேந்திர ஜாலிஹலும் அதில் இருந்தார்.

தீயணைப்பு வீரர்களின் வேலை தீயை அணைப்பது. அணைந்தபின் சாம்பலைக் கிளறி, முதலில் எரிந்தது எது என்று தேடுவது இத்தகைய பொறியாளர்களின் வேலை. லித்தியம் பேட்டரிக்குள் நேர், எதிர் முனைகளை மெல்லிய தாள் போன்ற ஒரு தடுப்பு பிரித்து வைக்கிறது. அது கிழிந்தாலோ உருகினாலோ உள்ளேயே ஷார்ட் ஆகிறது. அந்தச் சூட்டில் பக்கத்து செல்லும் கெட்டு, அதுவும் சூட்டைக் கக்குகிறது. ஒரு செல்லில் தொடங்கியது பேட்டரி முழுவதும் பரவிவிடும்.

2013 ஜனவரி 7 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் விமான நிலையத்தில் நின்றிருந்த போயிங் 787 விமானத்தின் பேட்டரியில் தீப்பிடித்தது. பொறியாளர்கள் கருகிய பேட்டரியை, மருத்துவமனையில் நமக்கு எடுப்பதுபோல் சி.டி. ஸ்கேன் எடுத்து, பிரித்துப் பார்த்தார்கள். எட்டு செல்களில் ஒன்றில் ஏற்பட்ட ஷார்ட்தான் மற்றவற்றுக்குப் பரவியது என்று கண்டறிந்தார்கள். பேட்டரி அமைப்பை மாற்றிய பிறகே அந்த விமானங்கள் மீண்டும் பறந்தன.

நம் நாட்டிலும் நிபுணர் குழுவின் பரிந்துரையால் விதிகள் இறுகின. செல், சார்ஜர், பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணுக் கருவி ஆகியவற்றுக்கான கூடுதல் சோதனைகள் 2022 டிசம்பர் 1 முதலும், 2023 மார்ச் 31 முதலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் வாங்கிய வண்டியும், பழைய பேட்டரி மாற்றிய வண்டியும் வைத்திருப்போர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

விதி கம்பெனியைக் கட்டுப்படுத்தும். வீட்டை நாம்தான் காக்க வேண்டும். வெளியேறும் வழியில் சார்ஜ் போடாதீர்கள். அங்கே தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் தப்ப வழியில்லை. எல்லோரும் தூங்கும் நேரத்திலும் வேண்டாம். படுக்கப் போகுமுன் நெருப்பை அணைப்பது நமக்குப் புதிய பாடமல்ல. வண்டியுடன் வந்த சார்ஜரை, எர்த் சரியாக உள்ள பிளக்கில் மட்டும் போடுங்கள். ஓட்டி வந்த சூடு ஆறியபின் போடுங்கள். மழை வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை மெக்கானிக் பார்க்காமல் சார்ஜ் போடவே கூடாது. பேட்டரி உப்பினாலோ, வாடை வந்தாலோ, புகைந்தாலோ பொருட்களை எடுக்க நிற்காமல் எல்லோரும் வெளியேறி 101-ஐ அழையுங்கள். அணைந்ததுபோல் தெரிந்தாலும் மீண்டும் பற்றக்கூடும்.

இன்னொன்று. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது நல்ல துறை. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு மையத்தில் பி.டெக். படிப்பு உள்ளது. நாக்பூர் தேசிய தீயணைப்புக் கல்லூரியிலும், கொச்சி பல்கலைக்கழகத்திலும் தீப் பாதுகாப்புப் பொறியியல் படிக்கலாம். ஆண், பெண் யாராயினும் ஆர்வமுள்ளோர் பெற்றோருடன் அறக்கட்டளை அலுவலகம் வாருங்கள். விண்ணப்பிக்க வழிகாட்டுகிறோம், இன்ஷா அல்லாஹ்.

அதற்குமுன், இன்றிரவே சார்ஜர் இருக்கும் இடத்தை மாற்றிவிடுங்கள்.