நடிகராக வேண்டுமா?

"சினிமாவில் சேர யாரைப் பார்ப்பது?" என்று கேட்கும் இளைஞர் அநேகர், "எங்கே கற்பது?" என்று கேட்பவர் சிலரே!

சிறு வயதிலேயே பாய்ஸ் கம்பெனியில் பயின்றவர் எம்.ஜி.ஆர். 1936-ல் 'சதிலீலாவதி'யில் கிடைத்தது சிறு வேடம். 'ராஜகுமாரி'யில் கதாநாயகனாக 1947 ஆயிற்று! சிவாஜி கணேசனும் பல வருஷம் மேடையில் உழைத்த பிறகே 1952-ல் 'பராசக்தி'யில் தோன்றினார்.

அந்தக் கம்பெனிகள் மறைந்தாலும் கற்க இடமுண்டு. டில்லி தேசிய நாடகப் பள்ளியில் மூன்று வருஷப் படிப்பு. சென்னையில், ந. முத்துசாமி 1977-ல் துவக்கிய கூத்துப்பட்டறை. அங்கே கணக்கு எழுதப் போன விஜய் சேதுபதி, நடிகர்களைக் கவனித்தே தொழில் பழகினார்.

"பணம் கொடு, சான்ஸ் தருகிறேன்" என்பவரிடம் வீட்டு நகையை விற்றுக் கொடுத்து ஏமாறாதீர்கள். கற்ற வித்தையை எவரும் பறிக்க முடியாதல்லவா?