முடி வெட்டினாலும் என் கோஷ்டிதான்!

எங்கள் மாங்காட்டில், பஞ்சாக்னி நடுவே ஒற்றைக்காலில் நின்று தவம் செய்தவள் காமாட்சி அம்மன். அவளுக்கு அடுத்தபடியாக இந்த ஊரில் ஒற்றைக்காலில் நின்றது அடியேன்தான். 2008-ல் ஒரு ஆல்பம் போட்டுவிட்டு, அடுத்ததுக்கு 2016 வரை காக்க வைத்தது என் மெட்டாலிகா!

1981-ல் ஆரம்பித்த அமெரிக்க ராக் கோஷ்டி. காலேஜ் நாட்களில் நண்பன் காப்பி பண்ணிக் கொடுத்த காஸெட்டில்தான் எனக்கு அறிமுகம். டேப் ரிக்கார்டரை அலற விட்டிருந்தபோது அப்பா எட்டிப் பார்த்தார்.

"என்னடா இது, தகர டப்பாவைத் தட்டற மாதிரி? இதெல்லாம் பாட்டா?"

அப்பாவுக்கு ரசனை இல்லை என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

1996-ல் என் ஹீரோக்கள் தோள் வரை தொங்கிய முடியை வெட்டிக்கொண்டு 'லோட்' ஆல்பத்துடன் வந்து நின்றார்கள். உலகமெங்கும் ரசிகர்கள் புலம்பினார்கள். 'திருப்பதி வேண்டுதலாக இருக்கும்' என்று நான் மனசைத் தேற்றிக்கொண்டேன். 2000-ல், இன்டர்நெட்டில் பாட்டை ஓசியில் பரிமாறிக்கொள்ள உதவிய 'நாப்ஸ்டர்' மேல் கேஸ் போட்டார்கள். தங்கள் பாட்டைப் பரிமாறிய மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பட்டியலையே கொண்டுபோய் நீட்டினார்கள். காப்பி காஸெட்டில் வளர்ந்த எனக்கு வயிற்றைக் கலக்கியது!

ஆனாலும் விட்டேனா? 2011 அக்டோபர் 30, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ். இரண்டு நாள் முன்பு டெல்லி பக்கம் குர்கானில் நடக்கவிருந்த கச்சேரி, கூட்டம் தடுப்பை உடைத்ததில் ரத்து. இங்கேயும் கவிழ்ந்துவிடுமோ என்று ரயிலில் தூக்கமே இல்லை. நல்லவேளை, வந்தார்கள், வாசித்தார்கள். திங்கட்கிழமை ஆபீஸுக்கு, 'தாய்மாமாவுக்கு உடம்பு சரியில்லை' என்று லீவு லெட்டர். (மாமா இன்றும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்!)

இப்படிப்பட்டவனுக்கு இந்தக் காலத்து ராக் எப்படிப் பிடிக்கும், சொல்லுங்கள்? சில வருஷம் முன்பு ஒரு நாள், பையன் ஏதோ புது கோஷ்டியின் பாட்டைப் போட்டான். "என்னடா இது, தகர டப்பா மாதிரி? இதெல்லாம் பாட்டா?" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. குரல்தான் என்னுடையது. வசனம் அப்பாவுடையது! பையன் ஒன்றும் சொல்லவில்லை. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டான். அதற்கப்புறம் வீட்டில் அவன் பாட்டு கேட்கவே இல்லை. மாசக்கணக்கில்.

2022-ல் ஒரு ராத்திரி அவனாகவே வந்தான். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' சீரியலில் ஒரு பாட்டு வந்ததாம். "அப்பா, 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' கேட்டிருக்கியா?"

கேட்டிருக்கியாவா! 1986-ல் வந்த பாட்டு. எட்டு நிமிஷத்துக்கு மேல் ஓடும். நடுவில் அப்படியே அடங்கி, தாலாட்டு மாதிரி போய், மறுபடி எழும். சும்மா இருப்பேனா? பிரசங்கத்தை ஆரம்பித்தேன்.

"சிடியில சத்தத்துக்கு ஒரு உச்சவரம்பு இருக்குடா. அதைத் தாண்ட முடியாது. அதனால இப்ப மெதுவான இடத்தையும் தூக்கிக் கூரையோட ஒட்டிடறாங்க. ஏற்ற இறக்கமே போச்சு. கிடார் சோலோவும் இல்லை. இதுக்குப் பேரு ராக்கா?"

அவன் செல்போனைத் தட்டிக்கொண்டே கேட்டான்: "அப்பா, 2003-ல சோலோவே இல்லாம 'செயின்ட் ஆங்கர்' போட்டது யாரு? 2008-ல, இவ்வளவு கத்தலா இருக்கே, வேற மிக்ஸ் போட்டுத் தாங்கன்னு ரசிகர்களே மனு போட்ட 'டெத் மேக்னடிக்' யாரோடது?"

இரண்டும் என் ஆட்கள்தான்! மனசாட்சியோடு சொல்வதானால், 'செயின்ட் ஆங்கர்' டிரம்ஸ் அசல் தகர டப்பாவேதான்.

அந்த நேரம் பார்த்து அம்மா உள்ளேயிருந்து வந்தாள். ஆடி மாசம். தெருக்கோடி ஸ்பீக்கரில் எல்.ஆர்.ஈஸ்வரி. "நாப்பது வருஷமா இதே பாட்டைத்தான் போடறான். ஒரு தடவையாவது அலுத்துச்சுன்னு சொல்லியிருக்கேனா? இது காதில விழுந்தா, உங்கப்பாவோட கோயிலுக்குப் போன நாளெல்லாம் கண்ணு முன்னாடி வந்து நிக்குது" என்றாள்.

விஷயம் அவ்வளவுதான். பாட்டை மட்டுமா பிடித்துக்கொண்டிருக்கிறோம்? அதைக் கேட்ட வயசையும் சேர்த்துத்தான். இந்தக் காலத்து ராக் செய்த பெரிய குற்றம், எனக்கு இருபது வயசு இல்லாத நேரத்தில் வந்ததுதான்! சீரியல் பார்த்து வந்த பொடிசுகளை நம்ம வயசு ரசிகர்கள் சிலர் விரட்டியபோது, 'எல்லோரும் வரலாம்' என்று வரவேற்றது சாட்சாத் மெட்டாலிகாவேதான். தெய்வமே வரம் கொடுக்கும்போது பூசாரி நான் ஏன் குறுக்கே நிற்க வேண்டும்?

"சரி, உன் பாட்டைப் போடு" என்றேன். நம்ப முடியாமல் பார்த்தான். பிறகு 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' போட்டான். 2018 ஜனவரியில் நம்ம சென்னையில் முதல் மேடை ஏறிய கோஷ்டி. கானா, ராப், ராக் எல்லாம் ஒரே அடுப்பில். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டுதான் கேட்டேன். கால் மட்டும் என் பேச்சைக் கேட்காமல் தாளம் போட்டது.

அம்மா கதவோரம் நின்றாள். போச்சு, மூன்றாம் தலைமுறைக்கும் தகர டப்பா வசனம்தான் என்று நினைத்தேன்.

"தாளம் நல்லாயிருக்கேடா! சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு!"