ஒரு சொட்டுதானே என்று நினைக்காதீர்கள்!

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டி, கியா ஃபார்ம் சந்தை நெரிசலில் இருந்து ஒருவழியாகத் தப்பித்து வந்தால் திரிங்காப். சாலையின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள், நடுவே லாவெண்டர் தோட்டம். பள்ளி விடுமுறை என்றால் கோலாலம்பூர், ஈப்போ, கிள்ளான் என்று எல்லா ஊர்க் குடும்பங்களையும் அங்கே பார்க்கலாம். ஊதாப் பூவுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு கீழே இறங்கும்போது ஒரு பையில் ஸ்ட்ராபெரி, இன்னொரு பையில் சோளம், கைப்பையில் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி. லாவெண்டர், பெப்பர்மின்ட், யூக்கலிப்டஸ், டீ ட்ரீ என்று ஏதாவது ஒன்று.

வீட்டுக்குப் போனதும் அந்தப் புட்டி எங்கே உட்காருகிறது என்பதுதான் விஷயம். சில வீடுகளில் டிஃபியூசர் பக்கத்தில். சில வீடுகளில் குழந்தையின் தலையணைக்குப் பக்கத்தில். இப்போது புதிதாக அடுப்படிக்கும் வந்துவிட்டது. “தண்ணீரில் ரெண்டு சொட்டு விட்டுக் குடி, வயிறு சுத்தமாகும்”, “கேக்கில் ஒரு சொட்டு விடு, வாசம் தூக்கும்” என்று வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு சேர்ந்து வருகிறது. இயற்கை என்று எழுதியிருப்பதால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. நான் கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

முதலில் பெயரை வைத்து ஏமாறக் கூடாது. எசென்ஷியல் ஆயில் என்பது நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்ற எண்ணெய் கிடையாது. நல்லெண்ணெயில் இருப்பது கொழுப்பு. துணியில் பட்டால் கறை நிற்கும். இதுவோ செடி தன் இலையிலும் பூவிலும் பட்டையிலும் வைத்திருக்கும் வாசனைச் சத்து. பெரும்பாலும் ஆவியில் வாட்டி, அந்த ஆவியைக் குளிரவைத்து, மேலே மிதப்பதை வடித்து எடுப்பார்கள். ஒரு கிலோ லாவெண்டர் எண்ணெய் எடுக்க நூறு கிலோ பூவாவது வேண்டும். அப்படியானால் நம் கையில் இருக்கும் பத்து மில்லி புட்டியில் ஒரு கூடைப் பூ அடங்கிக் கிடக்கிறது. ஒரு கூடைப் பூவை யாரும் ஒரே மடக்கில் விழுங்கமாட்டோம்.

தேயிலை மலையில் இருந்து வாங்கியதால் டீ ட்ரீ ஆயிலைத் தேயிலையின் எண்ணெய் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். இரண்டுக்கும் சொந்தமே இல்லை! 1929-இல் ரசல் தொடங்கிய போ தோட்டத்திலும், நம் தாத்தா பாட்டிமார்கள் கூடை சுமந்து கொழுந்து கிள்ளிய மற்ற தோட்டங்களிலும் இருப்பது கமேலியா சினென்சிஸ். டீ ட்ரீ ஆயில் எடுப்பது ஆஸ்திரேலியாவின் மெலலூக்கா மரத்து இலையில் இருந்து. முகப்பருவுக்கும் கால் விரல் இடுக்குப் புண்ணுக்கும் அதை நன்றாகக் கலந்து தடவுகிறார்கள். குடித்தால் நஞ்சு. தள்ளாட்டம், குழப்பம், சில நேரம் நினைவிழப்பு வரைக்கும் போகும். தேயிலைக் குடும்பத்து எண்ணெய்தான் வேண்டும் என்றால், தென்சீனாவில் கமேலியா விதையைச் செக்கில் ஆட்டி எடுக்கும் சமையல் எண்ணெய் ஒன்று இருக்கிறது. அது வாசனைப் புட்டியில் வராது, லிட்டர் கணக்கில் வரும்.

தாத்தா காலத்துத் தைலங்கள்

எசென்ஷியல் ஆயில் என்பது ஏதோ நேற்று வந்த நாகரிகம் என்று நினைத்தால், நம் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். ஊட்டிக்குப் போய்வந்தவர்கள் கொண்டுவந்த நீலகிரித் தைலம் இருக்கும். 1843-ஆம் ஆண்டு வாக்கில் ஆங்கிலேயர்கள் விறகுக்காக ஆஸ்திரேலியாவில் இருந்து கொண்டுவந்து நட்ட யூக்கலிப்டஸ் மரம், மலை முழுக்கப் பரவி, அதன் இலையைக் காய்ச்சி வடிப்பதே அங்கே ஒரு வீட்டுத் தொழிலாகிவிட்டது. இங்கேயும் தேயிலை, அங்கேயும் தேயிலை. இங்கேயும் குளிர், அங்கேயும் குளிர். மூக்கடைப்புக்கு மருந்தும் ஒன்றேதான்.

அதற்குப் பக்கத்திலேயே கோடாலித் தைலம் நிற்கும். 1928-இல் சிங்கப்பூரில் லியோங் யுன் சீ என்பவர் தொடங்கியது. ஜெர்மானிய மருத்துவர் ஒருவரிடம் இருந்து கிடைத்த செய்முறை என்று அதன் வரலாற்றில் சொல்கிறார்கள். மென்தால், யூக்கலிப்டஸ், கற்பூரம், மெத்தில் சாலிசிலேட் எல்லாம் சேர்ந்தது. தமிழ்நாட்டுக்குப் பயணம் போகிறவர் பெட்டியில் ஒரு டசன் கோடாலித் தைலம் இல்லாவிட்டால் ஊரில் இருக்கும் பெரியம்மாக்கள் மன்னிக்கமாட்டார்கள். பினாங்குக்காரர்கள் வீட்டில் கூடுதலாக ஜாதிக்காய் எண்ணெயும் இருக்கும்.

கற்பூரத்தின் கதை இன்னும் பழையது, அதைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. சுமத்ராவின் பாருஸ் துறைமுகத்துக்கு நம் வணிகர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே போயிருக்கிறார்கள். அங்கே லோபு துவாவில் 1873-இல் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு பொறித்தது. அந்த ஊரின் பெயரே கற்பூரத்தோடு ஒட்டிக்கொண்டு மலாய் மொழியில் ‘காபுர் பாருஸ்’ ஆனது. அந்தக் கற்பூரம் தந்த காபுர் மரத்தைப் பார்க்க சுமத்ராவுக்குப் போக வேண்டியதில்லை. கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தில் அண்ணாந்து பாருங்கள். ஒரு மரத்தின் கிளை இன்னொன்றைத் தொடாமல், நடுவே வானம் ஆறு போல ஓடும்.

ஆனால் இன்று பூசை அறையில் நாம் ஏற்றும் கற்பூர வில்லை அந்த மரத்தில் இருந்து வந்ததில்லை. பெரும்பாலும் டர்பன்டைனில் இருந்து ஆலையில் செய்கிறார்கள். சர்க்கரைப் பொங்கலில் கடுகளவு போடும் பச்சைக் கற்பூரம் வேறு, இது வேறு. ‘பச்சைக் கற்பூரம் தீர்ந்துவிட்டது, பூசைக் கற்பூரத்தில் கொஞ்சம் கிள்ளிப் போட்டால் என்ன’ என்ற எண்ணம் தயவுசெய்து வேண்டாம். பச்சைக் கற்பூரமும் கடுகளவுக்கு மேல் வேண்டாம்.

குழந்தை இருக்கும் வீட்டில்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். மலையில் இரவுக் குளிர் பதினாறு பாகைக்கும் கீழே இறங்கும். குழந்தைக்கு மூக்கு ஒழுகும், நெஞ்சில் சளி கரகரக்கும். பாட்டி உடனே தேங்காய் எண்ணெயைச் சுடவைத்து, ஒரு கற்பூர வில்லையைப் போட்டுக் கரைத்து, நெஞ்சிலும் முதுகிலும் தேய்ப்பார். சிலர் துணியில் கற்பூரத்தை முடிந்து கழுத்தில் கட்டுவார்கள். அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கற்பூரம் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும், வாய் வழியாகப் போனால் மிக வேகமாகப் போகும். சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரும், அதுவும் சில நிமிடங்களிலேயே வரலாம். ஒரு கிராம் அளவு கற்பூரம் ஒன்றிரண்டு வயதுக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. வெள்ளையாக, கற்கண்டு மாதிரி, பூசை அறையில் தாழ்வான தட்டில் இருக்கிறது. தவழ்கிற பிள்ளைக்கு அது கற்கண்டுதான். அமெரிக்காவில் 1980-களிலேயே தைலங்களில் கற்பூரம் 11 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி போட்டதற்குக் காரணம் இப்படிப்பட்ட சம்பவங்கள்தாம்.

இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மென்தால், கற்பூரம், யூக்கலிப்டஸ் உள்ள எந்தத் தைலமும் வேண்டாம். மூக்குக்குப் பக்கத்தில் தடவினால் மூச்சுக் குழல் இறுகிவிடும் அபாயம் உண்டு. நம் நாட்டில் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து ஜி6பிடி குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் அந்துருண்டை வீட்டிலேயே இருக்கக் கூடாது என்று தாதி சொல்லியிருப்பார். அந்தக் குழந்தைக்கு எந்தத் தைலத்தையும் மருத்துவரைக் கேட்காமல் தேய்க்காதீர்கள்.

யூக்கலிப்டஸ் எண்ணெயைக் குழந்தை ஒரு தேக்கரண்டி குடித்துவிட்டாலே மயக்கமும் வலிப்பும் வரலாம். மெத்தில் சாலிசிலேட் இன்னொரு கணக்கு. அதைக் கலப்பில்லாமல் எடுத்தால், ஒரு தேக்கரண்டியில் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமமான வீரியம் இருக்கிறது. இருபது மாத்திரைக்கும் மேல்! குழந்தை எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். வலிப்போ மயக்கமோ இருந்தால் 999. என்ன செய்வது என்று கேட்க பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையம் இருக்கிறது, எண் 1-800-88-8099. இதைக் கத்தரித்துக் குளிர்பெட்டியில் ஒட்டிவைத்தால் நல்லது.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. இருதயத்துக்காக வார்ஃபரின் சாப்பிடும் தாத்தா, மூட்டுவலிக்கு நாள் முழுக்கத் தைலம் தேய்த்துக்கொண்டே இருந்தால், மெத்தில் சாலிசிலேட் உள்ளே இறங்கி இரத்தம் இன்னும் நீர்த்துப் போகும். கிளினிக்கில் என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கும்போது தைலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதை மருந்து என்றே யாரும் நினைப்பதில்லை.

அப்படியானால் வீட்டில் வைக்கவே கூடாதா? வைக்கலாமே. எனக்கு இந்த லாவெண்டர் வாசம் பிடிக்கும். வானொலியில் நாலு மணி நேரம் பேசிவிட்டு வந்தால் தூங்குவதற்கு முன் அரை மணி நேரம் டிஃபியூசர் ஓடும், பிறகு சன்னலைத் திறந்துவிடுவேன். இரவு முழுக்க மூடிய அறையில் ஓடவிடுவதில்லை. ஆஸ்துமா உள்ளவர், பூனை இருக்கும் வீடு என்றால் அதுவும் யோசித்துத்தான். தோலில் தடவுவதென்றால் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு ஒன்றிரண்டு சொட்டு போதும். முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பாருங்கள். எலுமிச்சை வகை எண்ணெயைத் தடவிக்கொண்டு நம் ஊர் வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடும். ஆவி பிடிப்பதைக் குழந்தைகளுக்குச் செய்யவே வேண்டாம். கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோவது சளியைவிடப் பெரிய துன்பம்.

கொசுவுக்கு செராய் வாங்கி எண்ணெய் தெளிக்கிறவர்களுக்கு ஒன்று. அந்த வாசம் ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம்தான் காவல் நிற்கும். டிங்கி பரவும் பகுதியில் இதை மட்டும் நம்பிப் பிள்ளைகளை வெளியே விளையாட விடாதீர்கள்.

வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பாருங்கள். நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி விற்றால் அது மருந்து. அதற்கு ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். வெறும் ‘என்ஓடி’ எண் என்றால் அது அழகுசாதனப் பொருளாக அறிவிக்கப்பட்டது மட்டுமே. வரவேற்பறையில் பத்து அக்காக்களை உட்காரவைத்து, நீரிழிவு முதல் புற்றுநோய் வரை ஒரே பெட்டியில் தீர்வு என்று நூறு வெள்ளிக்கும் மேல் ஒரு புட்டி விற்கிறார்களே, அவர்களிடம் இந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள். 2014-இல் எபோலாவுக்கும் எங்கள் எண்ணெய் மருந்து என்று முகவர்கள் பேசியதற்காக, எசென்ஷியல் ஆயில் நேரடி விற்பனை நிறுவனங்களுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. முகவர் நல்லவராகவே இருக்கலாம், நம் சித்தியாகவே இருக்கலாம். கேட்டால் தப்பில்லை.

அடுப்படியில் ஏற்கெனவே இருக்கிறது

சமையலுக்கு இந்தப் புட்டி எதற்கு என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. பற்பசையிலும் மிட்டாயிலும் பெப்பர்மின்ட் எண்ணெய் சேர்க்கிறார்கள், உண்மைதான். ஆலையில் துல்லியமாக அளந்து, சொட்டில் ஒரு பங்கைப் பெரிய கொப்பரையில் கலக்கிறார்கள். நம் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டால் எண்ணெய் தண்ணீரில் கரையாது. மேலே மிதந்து, முதல் மடக்கிலேயே உதட்டையும் தொண்டையையும் எரிக்கும்.

தாளிப்பது என்றால் என்ன? சீரகம், கிராம்பு, பட்டை, கறிவேப்பிலைக்குள் இருக்கும் இதே வாசனைச் சத்தைச் சூடான எண்ணெயில் இறக்குவதுதான். தண்ணீரில் இறங்காதது கொழுப்பில் இறங்கும் என்று நம் பாட்டிமார்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. ரசத்தைக் கொதிக்கவிடாதே, நுரை கட்டியதும் இறக்கு என்று திட்டுவார்களே, அதற்கும் இதுதான் காரணம். கொதித்தால் வாசம் கூரைக்குப் போகும், ரசத்தில் புளி மட்டும் மிஞ்சும். மல்லித் தழையைக் கடைசியில் தூவி மூடி போடுவதும் அப்படித்தான்.

தேயிலை டப்பாவையும் இந்தப் புட்டிகளையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். தேயிலை பக்கத்தில் இருப்பதன் வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். மல்லிகைத் தேயிலை செய்வதே அந்தக் குணத்தை வைத்துத்தான். யூக்கலிப்டஸ் வாசத்தில் தே தாரிக் குடிக்க யாருக்கு ஆசை?

எலுமிச்சை வாசத்தில் ஏதாவது சூடாகக் குடிக்க வேண்டும் என்றால் சந்தையில் இரண்டு தண்டு செராய் வாங்குங்கள். சமையல் செராயின் அடித்தண்டு வெளிறிய பச்சை. அடி சிவந்திருந்தால் அது செராய் வாங்கி, தரை துடைக்கும் தண்ணீருக்குத்தான் ஆகும். அடித்தண்டை ஒரு விரல் நீளம் வெட்டி, அம்மிக் குழவியால் நன்றாகத் தட்டுங்கள். நாரில் இருந்து வாசம் வெளியே வரும். இஞ்சி ஒரு துண்டு, ஏலக்காய் ஒன்று. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் போட்டு மூடி வையுங்கள், ஐந்து நிமிடம். மேலே ஒரு கிள்ளு தேயிலை போட்டு இன்னும் இரண்டு நிமிடம் விட்டு வடிகட்டினால், நாலு பேருக்கு வரும்.