ஊசி போட்டும் சினை நிக்கலையா? கைப்பழக்கமும் ஒரு காரணம்!

லால்குடி பக்கம் கறவை மாடு வச்சிருக்கிற வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "ஊசி போட்டாச்சு, சினை நிக்கல." ஒரு பருவம் தவறினால் அடுத்ததுக்கு சுமார் 21 நாள் காத்திருக்கணும். தீவனச் செலவு மட்டும் நிற்காது.

காரணம் மாட்டிடம் இருக்கலாம், பருவம் பார்த்த நேரத்தில் இருக்கலாம். ஊசி போடும் கையிலும் இருக்கலாம் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

உறைவிந்துக் குச்சி திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் இருக்கும். அதை எடுத்து 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் சுமார் 30 விநாடி வைக்கணும். அவசரத்தில் உள்ளங்கையில் தேய்த்து உருக்கினால் அணுக்கள் வீண். அடுத்த வேலை இன்னும் கஷ்டம். ஒரு கையை ஆசனவாய் வழியே விட்டு கருப்பை வாயைப் பிடிக்கணும். மறு கையால் ஊசிக் கருவியை அதன் வளையங்களைத் தாண்டி நகர்த்தணும். எதுவும் கண்ணுக்குத் தெரியாது, எல்லாம் விரல் நுனிக் கணக்குதான். வீடியோ பார்த்து இது வராது.

அதனால்தான் இறைச்சிக்கூடத்திலிருந்து வரும் கருப்பையை மேஜையில் வைத்து முதலில் பழக்குவார்கள், அப்புறம்தான் மாடு. மத்திய அரசின் 'மைத்ரி' திட்டத்தில் 3 மாதப் பயிற்சி. அதில் 2 மாதம் களத்தில்.

அனுபவசாலி டாக்டருக்கும் கால்நடை ஆய்வாளருக்கும் மறுபயிற்சி எதற்கு? பாலினம் பிரித்த உறைவிந்து வந்துவிட்டது. சுமார் 90% கிடேரிக் கன்றுதான். ஆனால் குச்சிக்குள் அணுக்கள் குறைவு, தப்புக்கு இடமும் குறைவு.

அடுத்த முறை ஊசி போட வருபவர் வெந்நீரும் தெர்மாமீட்டரும் எடுக்கிறாரா, பாருங்க. தேதியையும் குறிச்சு வைங்க.